மூடி எங்கே

ஆடி 23, வெள்ளி

கூடியிருக்கும் பெருமக்களே, உழைக்கும் தோழர்களே, தாய்மார்களே.

இப்படித்தான் எனக்குத் தொடங்கத் தெரியும். இருபத்தாறு ஆண்டு மேடைப் பழக்கம். இன்று என் முன்னே கூட்டம் இல்லை, ஒலிவாங்கி இல்லை. எண்பது பக்கக் குறிப்பேடு ஒன்றே இருக்கிறது. ஆயினும் என் முறையீட்டை அவைமுன் வைக்கிறேன்: என் குரலைப் பறித்துவிட்டார்கள்.

பறித்தவர் பகைவர் அல்லர். திருநெல்வேலித் தொண்டை மருத்துவர். குரல்நாணில் மிளகளவு கட்டி இரண்டு இருந்தன. முந்தாநாள் அறுத்தெடுத்தார். பதினான்கு நாள் ஒரு சொல்லும் பேசலாகாது, முணுமுணுக்கலாகாது, கனைக்கவும் கூடாது என்றார். "கத்திக் கத்தி வந்தது சார். சும்மா இருந்தாத்தான் ஆறும்." கத்துதல் என்று அவர் சொன்னதை முழங்குதல் என்று திருத்த விரும்பினேன். திருத்த வாய் இல்லை.

என் துணைவி செண்பகம் கடையிலிருந்து ஒரு சிலேட்டு வாங்கி வந்தாள். 'எழுதுபலகை' என்று அதன்மேல் எழுதிக் காட்டினேன்.

"சிலேட்டுன்னு சொன்னா எழுதாதோ அது?" என்று கேட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

ஓய்வு எடுக்காமல் ஆலைக்குப் போனேன். கோவில்பட்டிக்குக் கிழக்கே இருக்கும் அந்த நூற்பாலையின் அலுவலகத்தில் தமிழ்ப் பிரிவு என்பது நான் ஒருவனே. மேலாண்மை ஆங்கிலத்தில் நினைப்பதைத் தமிழில் ஆக்கி அறிவிப்புப் பலகையில் ஒட்டுவது என் வேலை. அதற்குக் குரல் வேண்டியதில்லை. நண்பகலில் வழக்கம்போல் அலுவலகத்துக்குப் பின்னால் உள்ள தண்ணீர்த் தொட்டிமேல், வேம்பின் நிழலில், அங்கே கிடக்கும் மஞ்சள் தகட்டில் தூக்குச்சட்டியை வைத்து உண்டேன். தயிர்ச்சோறு. காரம் ஆகாதாம்.

ஆடி 25, ஞாயிறு

காற்று. கொடியில் கிடந்த என் வேட்டி பறந்து அடுத்த வீட்டு மாட்டின்மேல் விழுந்தது. கூவ முடியாமல் கைதட்டினேன். மாடு திரும்பிப் பார்த்தது, வீட்டுக்காரர் பார்க்கவில்லை.

ஆடி 26, திங்கள்

மனிதவள அலுவலர் கிருபாகரன் என் மேசைக்கே வந்து அமர்ந்தார். அவர் கையில் ஓர் ஆங்கில வரைவு. அதற்கு முன்கதை உண்டு.

ஆனித் திங்களில், பஞ்சைச் சிக்கெடுக்கும் பொறியில் சிக்கி வடிவு என்ற பெண்ணுக்கு வலக்கையில் இரு விரல்கள் போயின. சுட்டுவிரலும் நடுவிரலும். சுடலைவடிவு என்பது முழுப்பெயர். ஆலையின் மகளிர் கபடி அணியில் இடக்கோடியில் நிற்பவள். கபடி பாடி வருகிறவளின் கணுக்காலைப் பிடித்தால் பிடித்ததுதான். இனிப் பிடிப்பதற்கில்லை. பொறியின்மேல் இருக்க வேண்டிய காப்பு மூடி இல்லாமற்போனதே அதற்கு வழி என்கிறார்கள் தொழிலாளர். தொழிலாளியின் விழிப்பின்மை என்கிறது ஆலையின் அறிக்கை. 'விழிப்பின்மை' என்ற சொல் நான் தேர்ந்தது. 'அலட்சியம்' என்று எழுதச் சொன்னார்கள், அது வடசொல், கடுமையும்கூட.

அதே ஆனியின் கடைசியில் மாவட்டப் போட்டியில் நம் அணிப் பெண்கள் எழுவரும் கோட்டைத் தொட்டு வணங்கும்போது வலக்கையின் இரு விரல்களை மடக்கித் தொட்டார்கள். ஒரு சொல்லும் பேசவில்லை. படம் நாளிதழில் வந்தது. மார்பில் ஆலையின் பெயர், மண்ணில் மூன்று விரல்.

"பேசட்டும் சார், யாரு வேண்டாங்கறாங்க?" என்றார் கிருபாகரன். "வீட்ல பேசட்டும். டீக்கடையில பேசட்டும். நம்ம மில்லு பேரு போட்ட பனியனை மாட்டிக்கிட்டுப் பேசக் கூடாது. ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலை குடுத்திருக்கோம். அவங்களுக்கு கிரவுண்டும் டூட்டிதான். டூட்டியில நின்னுகிட்டுக் கொள்கை பேசலாமா?"

நான் தலையசைத்தேன். வாயில்லாதவன் அசைக்கக்கூடியது தலை ஒன்றுதானே.

மாலைவரை உழைத்து ஆணையைத் தமிழாக்கினேன். ஒரே ஓர் இடத்தில் முரண்பட்டோம். பாடிச் செல்பவர் மூச்சு விடாமல் ஒலிக்கிறாரே, அதை மட்டும் விலக்களிக்க வேண்டும். இல்லையேல் ஆட்டமே நடவாது. "கபடி கபடின்னு சொல்றதைத் தவிரன்னு போட்டுருங்க" என்றார். எனக்கு ஒப்பவில்லை. நம் பக்கத்துச் சடுகுடுவில் அதற்குப் பெயர் பாட்டு. ஊருக்கு ஒரு பாட்டு உண்டு. வம்புக்கு ஒன்று, புகழுக்கு ஒன்று, எதிரணிக்காரனின் மீசைக்கு ஒன்று. மூச்சு அறாமல் பாடினால் எந்தப் பாட்டும் பாட்டே. ஒன்பது ஆண்டுக்கு முன் ஆலைக் கோப்பைக்கு நான் எழுதிய விதிச்சுவடியிலும் இச்சொல்லையே ஆண்டிருக்கிறேன். சிலேட்டில் எழுதிக் காட்டி வாதிட்டேன். அவருக்கு வேலை முடிந்தால் போதும், ஒப்பினார்.

'ஆலையின் சீருடை அணிந்து களத்தில் நிற்குங்கால், ஆட்டக்காரர் எவரும், பாட்டு ஒன்றைத் தவிர, பிறிதெவ்வகைச் சொல்லாலும் சைகையாலும் அடையாளத்தாலும் தம் கருத்தைப் புலப்படுத்தலாகாது.'

படித்துப் பார்க்க நன்றாக இருக்கிறது.

ஆடி 27, செவ்வாய்

ஆணையை நானே ஒட்டினேன். பசை காயுமுன் பேச்சி வந்து நின்றாள். பேச்சியம்மாள், நூல்சுற்றும் பிரிவு, அணித்தலைவி. எழுத்தெழுத்தாக உரக்கப் படித்தாள்.

"அண்ணாச்சி, இது ஒங்க தமிழ்தான? மில்லுக்காரவுகளுக்கு இம்புட்டு அழகா எழுத வராது."

தலையசைத்தேன்.

"மே தினத்துக்கு இதே கேட்டுல நின்னு, வாய் இருக்கது சோறு திங்க மட்டுமான்னு கேட்டீயள்லா."

தொண்டையைச் சுட்டிக் காட்டினேன்.

"ஆமா, ஆப்பரேசன்னு சொன்னாவ. ஒடம்பப் பாத்துக்கிடுங்க." மறுபடியும் பலகையைப் பார்த்தாள். 'பாட்டு ஒன்றைத் தவிர' என்ற இடத்தை விரலால் தடவியபடி இருமுறை படித்தாள். "பாட்டுன்னா பாட்டுதான அண்ணாச்சி?"

ஆமென்று அசைத்தேன். சொல்லின் அழகு ஒருத்தியையாவது நிறுத்திப் படிக்க வைத்ததே என்று உள்ளூர மகிழ்ந்தேன்.

ஆடி 30, வெள்ளி

விடுதலை நாள். கொடியேற்றம், மிட்டாய், பின்னர் ஆலைக் கோப்பைக்கான இறுதியாட்டம். ஆண்டுதோறும் நேர்முக வருணனை என்னுடையது. இம்முறை கணக்குப் பிரிவு இளைஞர் ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்து 'ரைடு', 'டேக்கிள்' என்று வதைத்துக்கொண்டிருந்தார். நான் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு இரண்டாம் வரிசையில் இருந்தேன். முதல் வரிசையில் மேலாளரும் கிருபாகரனும்.

எதிரணி எட்டயபுரத்துத் தீப்பெட்டித் தொழிலாளிப் பெண்கள். நம் பெண்கள் கோட்டைத் தொட்டு வணங்கினார்கள். ஐந்து விரலும் விரித்துத்தான் தொட்டார்கள். கிருபாகரன் திரும்பி என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். உங்கள் தமிழ் வேலை செய்கிறது என்பதுபோல.

முதற்பாடல் பேச்சியினுடையது. மூச்சை உள்ளிழுத்தாள், கோட்டைக் கடந்தாள், பாடினாள்:

"ரெண்டு வெரலு போச்சுதே, வடிவு வெரலு போச்சுதே, பஞ்சு திங்கிற மிசினு அது பச்ச வெரலத் தின்னுதே, மூடி எங்கே மூடி எங்கே மூடி எங்கே மூடி..."

அவ்வளவுதான். மூச்சு அறுந்தது. எதிர்க்களத்தின் நடுவில் நின்று வாயைத் திறந்து திறந்து மூடினாள். தொடாமலே பிடிபட்டாள். கபடி என்பது மூன்றே எழுத்து, மூச்சுக்குச் சிக்கனம். இந்தப் பாட்டோ மூச்சைத் தின்றது.

ஒலிவாங்கி இளைஞர் மேலாளரைத் திரும்பிப் பார்த்தார். எதிரணித் தலைவி கையை உயர்த்தி, "சார், இவ கபடி சொல்லல" என்றாள்.

நடுவர் அல்போன்சு, பள்ளி உடற்பயிற்சி ஆசிரியர், ஊதலை வாயிலிருந்து எடுத்தார். சட்டைப் பையிலிருந்து என் விதிச்சுவடியை எடுத்துப் புரட்டினார். மேலாளர் பக்கம் பார்க்கவே இல்லை.

"ஏழாம் விதி. ஒரே மூச்சில், நிறுத்தாமல், தெளிவாகப் பாட்டைப் பாடிச் செல்லல் வேண்டும். அவ்ளோதான் போட்டிருக்கு. என்ன பாட்டுன்னு போடலையேம்மா."

"அப்ப நாங்களும் பாடலாமா?"

"பாட்டுன்னா பாடு. எனக்கு மூச்சு விடாம இருந்தாச் சரி."

அடுத்துப் பாடப்போனவளும் மூச்சு முட்டிப் பிடிபட்டாள். அதன்பின் நம் பெண்கள் கற்றுக்கொண்டார்கள்: தொடக்க அடிகளை விட்டுவிட்டு 'மூடி எங்கே' மட்டும். ஒற்று நீக்கினால் நாலே எழுத்து. மகர மெய் இதழ்களை மூடுகிறது, ஏகாரம் திறக்கிறது. ஓட்டத்துக்கு ஒத்த நடை. அதன் ஒலியமைதியை நான் ஆய்ந்துகொண்டிருந்தேன். பந்தலுக்கு வெளியே நின்ற தொழிலாளர் ஒவ்வொரு பாடலுக்கும் 'எங்கே' என்று கூடவே முழங்கினார்கள்.

ஆட்டம் முடிய இரு நிமையங்கள் இருக்கும்போது எட்டயபுரத்துத் தலைவி பாடி வந்தாள். முன்னணியில் இருக்கும் அணி. கபடி என்றே சொல்லி வெல்லலாம். அவள் கோட்டில் நின்று பேச்சியைப் பார்த்தாள். பிறகு, "மூடி எங்கே, மூடி எங்கே" என்று உள்ளே வந்தாள்.

நான்கு புள்ளியில் தோற்றோம். கோப்பை கொடுக்க மேலாளர் இல்லை. முன்னமே எழுந்து போயிருந்தார். கோப்பையை அல்போன்சு கொடுத்தார். கூட்டத்தின் ஓரத்தில் வடிவு நின்றிருந்தாள், வலக்கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு. கைதட்ட இயலாதவள் என்பது அப்போதுதான் எனக்குத் தோன்றியது.

செண்பகம் கேட்டாள்: "ஒங்க பாட்டு நல்லாருந்துச்சா?"

என் பாட்டு அன்று என்று எழுதிக் காட்டினேன். "விதி ஒங்களுதுதான" என்றாள்.

ஆடி 31, சனி

பேச்சியை இடைநீக்கம் செய்து மடல். அதன் தமிழும் என்னுடையதே.

ஆவணி 2, திங்கள்

பேச்சி மறுமொழி கொடுத்திருக்கிறாள். ஒரே தாள். 'பாட்டு ஒன்றைத் தவிர என்று ஆணையில் உள்ளது. நான் பாட்டுத்தான் பாடினேன். வேறு ஒன்றும் பேசவில்லை.' எழுத்துப்பிழை இரண்டு, பொருட்பிழை இல்லை.

அடுத்த வார வியாழன் அன்று, அஃதாவது ஆவணி 12-இல், உசாவல். மதுரையிலிருந்து வழக்கறிஞர் ஒருவர் வந்து நடத்துவார். ஆணையை மீறினாள் என்று நிறுவினால் வேலை போய்விடும். நிறுவுவதோ ஒரு சொல்லின் பொருளைச் சார்ந்தது. அச்சொல்லை எழுதியவன் நான்.

கிருபாகரன் தட்டெழுத்திட்ட தாளைக் கொண்டுவந்தார். 'பாட்டு என்ற சொல்லைக் கபடி என்னும் ஒலிப்பை மட்டுமே கருதி எழுதினேன்' என்றிருந்தது. கீழே கையொப்பத்துக்கு இடம்.

"பேசக் கூட வேண்டாம் சார். கையெழுத்து மட்டும். விசாரணையில தலையாட்டினாப் போதும். தொண்டைக்கு ரெஸ்ட் குடுங்க."

தாளை உறைக்குள் வைத்தேன். கையொப்பமிடவில்லை, மறுக்கவும் இல்லை. அவர் கேட்டது எளிய செய்தி: நான் என்ன நினைத்து எழுதினேன் என்பது. அந்த நினைப்பு இந்தக் குறிப்பேட்டின் ஆடி 26-ஆம் நாளில் மையில் இருக்கிறது. அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை.

ஆவணி 4, புதன்

திருநெல்வேலி போய்வந்தோம். மருத்துவர் விளக்கு வைத்துப் பார்த்தார். திரும்பும்போது பேருந்தில் சன்னலோரம் இடம் கிடைத்தது. கயத்தாற்றில் தூறல்.

ஆவணி 6, வெள்ளி

மாலை பேச்சியும் வடிவும் வீட்டுக்கு வந்தார்கள். செண்பகம் முறுக்கும் காப்பித்தண்ணீரும் கொடுத்தாள்.

"அண்ணாச்சி, வியாழக்கெழம ஒங்களத்தான் கூப்புடுவாவளாம்" என்றாள் பேச்சி. "வேற ஒண்ணும் வேண்டாம். பாட்டுன்னா என்னன்னு கேப்பாவ. ஒங்களுக்குத் தெரிஞ்சதச் சொல்லுங்க. கூடவும் வேண்டாம், கொறையவும் வேண்டாம்."

சிலேட்டை எடுத்தேன். 'குரல் இல்லை' என்று எழுதிக் காட்டினேன். அடுப்படி வாயிலில் நின்ற செண்பகம் என்னைப் பார்த்தாள்; பிறகு அடுப்பைப் பார்த்தாள்.

அருகில் வடிவு. முறுக்கை இடக்கையால் ஒடித்துக்கொண்டிருந்தாள். "ஒங்களுக்குக் கொரலு போச்சு, எனக்கு வெரலு போச்சு" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "ஒங்களுது திரும்பி வந்துரும்லா அண்ணாச்சி."

"வாய மூடுட்டி" என்றாள் பேச்சி.

"எல்லாத்தையும் மூடச் சொல்லுதாவ. மூட வேண்டியத மட்டும் மூடல."

அவர்கள் போனபின் இரண்டு மூன்று முறை சிலேட்டைத் துடைத்தேன். சுண்ணக்கட்டித் தடம் போகவில்லை.

ஆவணி 7, சனி

செண்பகம் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். "டாக்டரு பதினாலு நாளுன்னுதான சொன்னாரு?"

நான் நாளிதழைப் புரட்டினேன்.

"புதங்கெழம, நல்லா ஆறிருச்சு, மெதுவாப் பேச ஆரம்பிங்கன்னு என் முன்னாலதான சொன்னாரு. நானும் இன்னைக்குப் பேசுவீய நாளைக்குப் பேசுவீயன்னு பாத்துக்கிட்டே இருக்கேன். என்கிட்ட பேசலன்னாப் போவுது. இருபத்தாறு வருசம் கேட்டாச்சு. அந்தப் பிள்ளைய முன்னால எதுக்குச் சிலேட்டத் தூக்குனீய?"

'பழக்கம்' என்று எழுதினேன்.

ஈரத்துணியால் அதைத் துடைத்தாள். சிலேட்டை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள். "இதுல நான் கோலப்புள்ளி போட்டுப் பழகிக்கிடுதேன். ஒங்களுக்கு இனிமே இது வேண்டாம்."

ஆவணி 9, திங்கள்

இன்று தொட்டிமேல் உண்ணவில்லை. மேசையிலேயே உண்டேன். சன்னல் வழியே தொட்டி தெரிகிறது.

மேடையில் நான் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்: பேச்சுரிமை என்பது எது? விரும்பியபோது விரும்பிய இடத்தில் பேசுவதா? பெருங்கூட்டத்தின் முன் கைதட்டலுக்கு நடுவே பேசினேன்; அதை உரிமை என்று எண்ணிக்கொண்டேன். அதற்காக நான் எதையும் இழந்ததில்லை. மே நாளில் நான் முழங்கிய மேடைக்கு ஆலையே பந்தல் போட்டுக் கொடுத்தது.

கிருபாகரன் சொன்னதையும் எண்ணிப் பார்க்கிறேன். சீருடை ஆலையுடையது, உண்மை. களமும் ஆலையுடையது, உண்மை. அணிந்துகொண்டு போய் அங்கே ஆலையைக் குறை சொல்வது முறையா என்பது கேட்கத்தக்க வினாவே. ஆனால் அந்தச் சீருடைக்குள் ஏறி இறங்கும் மூச்சு யாருடையது? மூச்சை அடக்கி ஒருத்தி எதிரிகளுக்கு நடுவே போகிறாள். மூச்சு இருக்கும்வரை பாடலாம், அறுந்தால் பிடிபடுவாள். உலகில் வாய் திறந்தே தீரவேண்டும் என்று விதித்திருக்கும் ஆட்டம் வேறு உண்டா? அங்கே போய் வாயைக் கட்டினோம். கட்டிய கயிற்றை அழகாக முறுக்கித் தந்தவன் நான்.

டீக்கடையில் பேசட்டும் என்கிறார்கள். டீக்கடையில் இரண்டு திங்களாகப் பேசினார்கள். எவர் காதிலும் விழவில்லை. பந்தலில் ஒரு மாலை பாடினார்கள்; மேலாளர் எழுந்து போனார். காதில் விழும் இடத்தைத் தவிர மற்ற இடமெல்லாம் பேசுவதற்குத் திறந்திருக்கிறது.

இன்னொன்றையும் எழுத வேண்டும். எழுதத்தான் இந்தக் குறிப்பேட்டைத் தொடங்கினேனோ என்னவோ.

மஞ்சள் தகடு. வளைந்தது, கனத்த இரும்பு, ஓரத்தில் நான்கு திருகாணித் துளைகள். நடுவில் ஒரு கையின் படம், அதன் குறுக்கே சிவப்புக் கோடு. அந்தக் கையின்மேல்தான் நாள்தோறும் தூக்குச்சட்டியை வைப்பேன், சூடு தாங்கும். வைகாசியில் ஒரு முற்பகல், பொருத்துநர் இருவர் அதைத் தூக்கிவந்து தொட்டிமேல் கவிழ்த்தார்கள். பஞ்சு அடைத்தால் மூடியைக் கழற்றித் துடைக்க நேரம் ஆகிறதாம், அதனால் எடுத்துவிடச் சொன்னார்களாம். என் மேசையிலிருந்து பார்த்தேன். இனித் தண்ணீரில் வேப்பிலை விழாது என்று எண்ணினேன். ஆனியில் 'விழிப்பின்மை' என்று எழுதிய அன்றும் அதன்மேல்தான் உண்டேன்.

விழிப்பின்மை என்பது சரியான சொல்தான். அதை எழுதிய இடந்தான் தவறு.

ஆவணி 11, புதன்

குளிக்கும்போது வாயைத் திறந்து பார்த்தேன். ஒலி வந்தது. பழைய குரல் அன்று; அறுத்த மரம்போல் சொரசொரப்பு. வெளியே செண்பகம் வாளியைக் கீழே வைக்கும் ஓசை கேட்டது.

ஆவணி 12, வியாழன்

பத்து மணிக்கு உசாவல். மேலாளர் அறைக்கு அடுத்த கூடம். வழக்கறிஞர், கிருபாகரன், தட்டெழுதும் பெண், நடுவர் அல்போன்சு. எதிரே நாற்காலியில் பேச்சி. ஆலைச் சீருடையில் வரவில்லை. கத்தரிப்பூ நிறச் சேலை.

"நீங்க பாஸ்கரன்தானே?" என்றார் வழக்கறிஞர்.

பெற்றோர் இட்ட பெயர். இருபது வயதில் கதிரொளியன் என்று மாற்றிக்கொண்டேன். ஆலையின் பதிவேடு மாறவில்லை. தலையசைத்தேன்.

"பேச முடியாதுன்னு சொன்னாங்க. ஆமா, இல்லைன்னு தலையாட்டினாப் போதும். பாட்டுன்னு நீங்க எழுதினது, கபடி கபடின்னு சொல்றதை மட்டும் மனசுல வச்சுத்தானே?"

இருபத்திரண்டு நாள் பழகிய தலை. அது தானாகவே கீழ்நோக்கி இறங்கத் தொடங்கியதை உணர்ந்தேன். கையால் மோவாயைப் பிடித்து நிறுத்தினேன். பல்வலி என்று நினைத்திருப்பார்கள்.

"எந்தப் பாட்டுன்னாலும் பாட்டுதான்."

பேசியது நான். மேடைத் தமிழ் வரவில்லை. வீட்டில் பேசும் தமிழ்தான் வந்தது. பேச்சி தலை நிமிர்ந்தாள்.

"சார், நீங்க கொஞ்சம் யோசிச்சு..." என்றார் கிருபாகரன்.

"யோசிச்சுத்தான் எழுதுனேன். கபடின்னு போடச் சொன்னது நீங்க. மாட்டேன்னது நான். சிலேட்டுல எழுதிச் சண்ட போட்டேன், மறந்துட்டீங்களா? ஒட்டுன அன்னைக்கு இந்தப் பிள்ள, பாட்டுன்னா பாட்டுதானன்னு என்கிட்ட கேட்டுச்சு. ஆமான்னு தலையாட்டுனேன். என்னைக் கேட்டுட்டுத்தான் பாடிருக்கு."

வழக்கறிஞர் தட்டெழுதும் பெண்ணுக்குச் சொல்லிச் சொல்லி எழுதவைத்தார். என் சொல்லை மாற்றாமல் எழுதவைத்தார். அதற்கு அவரைப் பாராட்ட வேண்டும். "வேற ஏதாவது?"

"அந்தப் பாட்டுல ஒரு கேள்வி இருக்கு. பதிமூணு நாளா யாரும் பதில் சொல்லல. மூடி ஆபீசுக்குப் பின்னால தண்ணித்தொட்டி மேல கெடக்கு. வைகாசியில இருந்து கெடக்கு. நான் தெனமும் அதுலதான் சோறு திங்கேன்."

"இது இந்த விசாரணைக்குள்ள வராது. எழுத வேண்டாம்மா."

அந்தப் பெண்ணின் விரல்கள் தட்டெழுத்துப் பலகைமேல் அப்படியே நின்றன. பத்து விரல்கள். கிருபாகரன் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

நானும் எழுந்து, அவருக்கு முன்னால் தொட்டிக்கு வந்துவிட்டேன்.

இதை அந்தத் தகட்டின்மேல் அமர்ந்தே எழுதுகிறேன். சற்றுமுன் பொருத்துநர் இருவர் வந்தார்கள். வைகாசியில் வந்த அதே இருவர். "அண்ணாச்சி, எந்திரிங்க, தகட எடுத்துட்டு வரச் சொல்லிருக்காவ. பழைய இரும்புக்குப் போவுதாம்" என்றார்கள். எழவில்லை. தலையும் அசைக்கவில்லை. "மாட்டேன்" என்றேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, வேம்படியில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவர் வெற்றிலை மடிக்கிறார்.

பேச்சியின் வழக்கில் முடிவு பிறகு சொல்வார்களாம். என் வழக்கு நாளை தொடங்கும் என்று எண்ணுகிறேன். செண்பகம் வாயிற்காவலரிடம் சொல்லி உள்ளே வந்து வெந்நீர்ப் புட்டியைக் கொடுத்தாள். "மெதுவாப் பேசுங்க. கத்தாதீய" என்றாள். கத்துதல் என்ற சொல்லை இம்முறை திருத்தத் தோன்றவில்லை.

இரண்டு மணிக்குச் சங்கு ஊதும். முதற்பணி முடிந்து வெளியே வருகிறவர்களும் அடுத்த பணிக்கு உள்ளே போகிறவர்களும் இந்தச் சுவரோரமாகத்தான் கடக்க வேண்டும். பேச வேண்டியதை இங்கே எழுதிவிடுகிறேன். நடுவில் என் குரல் போனால் பேச்சி படிப்பாள்; வேம்பின் அந்தப் பக்கம் வடிவோடு நிற்கிறாள்.

தோழர்களே, தாய்மார்களே. நான் இன்று நெடும்பேச்சுப் பேசப் போவதில்லை. மூடி எங்கே என்று கேட்டீர்கள். என் காலடியில் இருக்கிறது. மூன்று திங்களாக நான் இதை அறிவேன். அறிந்தும் வாய் திறக்கவில்லை. எனக்குக் குரல் இருந்த நாளிலும் திறக்கவில்லை. அதற்கான தண்டனையை என்னிடம் பிறகு கேளுங்கள். இப்போது அதற்கு நேரம் இல்லை. இது மாலைக்குள் பழைய இரும்பாகிவிடும். பிறகு இப்படி ஒன்று இருந்ததே இல்லை என்று தமிழில் அறிக்கை வரும், அதை எழுத என்னைவிட நல்ல ஆள் கிடைப்பார்.

பேச்சி ஒரு மூச்சில் கேட்டாள். ஒரு மூச்சுக்கு மேல் அவளிடம் இல்லை. மிச்சத்தை நீங்கள் பாட வேண்டும். அவள் தன் வேலைக்குத் திரும்பும்வரை பாட வேண்டும்.

அதற்குமுன் ஒரு வேலை. நால்வர் வாருங்கள். பொருத்துநர் தோழர்களே, நீங்களும் எழுந்து வாருங்கள். கழற்றிய கைகளுக்கே பொருத்தத் தெரியும். நான் இறங்கிக்கொள்கிறேன். ஆளுக்கொரு மூலை பிடியுங்கள். சிக்கெடுக்கும் பிரிவுக்குக் கொண்டுபோய், நான்கு திருகாணியும் முடுக்கி, அதன்பின் பொறி ஓடட்டும். அதுவரை ஓட விடாதீர்கள்.

தூக்குங்கள். இப்போதே தூக்குங்கள்.